அமெரிக்க இனப் பாகுபாட்டைப் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள். சமூகப்பணி முதுகலை மாணவி, ஆய்வேட்டில் ஓர் ஒப்பீட்டு இயல் எழுத வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர், கட்டுரைத் தாளுக்கு ஒரே ஒரு புத்தகம் போதும் என்கிறார். மாதம் ஒரு நூல் பேசும் வாசகர் வட்டத்துக்கு, வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடாத ஒன்று வேண்டும். மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள், அங்கே என்னதான் பிரச்சினை என்று புரிந்துகொள்ள வேண்டும் என்கிற அப்பாவும் உண்டு. எல்லோர் கையிலும் ஏறக்குறைய அதே நான்கு பெயர்கள்தான் இருக்கின்றன: ரிச்சர்ட் ராத்ஸ்டைன், ஐரா கட்ஸ்நெல்சன், மிஷெல் அலெக்சாண்டர், இசபெல் வில்கர்சன். எதை முதலில் எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ராத்ஸ்டைன். இட ஒதுக்கீட்டு விவாதத்தில் ஊறியவர்களுக்கு மட்டும் கட்ஸ்நெல்சன். நம்மில் பலர் தேடிப் போவது வில்கர்சனின் ‘காஸ்ட்’ புத்தகத்தைத்தான். அதை நான் கடைசியில் வைப்பேன். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், யார் செய்தது என்று புத்தகம் சொல்கிறதா என்பது. இனவெறி இருந்தது, அநியாயம் நடந்தது என்று சொல்ல ஆய்வு நூல் தேவையில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்று காட்டினால்தான் அது பொதுக்கொள்கை நூல். நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுகிறேன்.

இரண்டாவது, அமெரிக்காவைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று அந்த ஆசிரியர் நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்பது. மாகாண அரசுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள இழுபறி, தெற்கு மாகாணங்களின் தனிக்கதை, பெரும்பாலான மாகாணங்களில் தேர்தலில் ஜெயித்து வரும் அரசு வழக்கறிஞர் என்று அங்கிருப்பவருக்குப் பள்ளியிலேயே தெரிந்த விஷயங்களை நாம் தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மற்ற ஆய்வாளர்கள் என்ன மறுப்புச் சொன்னார்கள், அதற்குப் பிறகும் வாதம் நிற்கிறதா. நான்காவது, சரி, இப்போது என்ன செய்வது என்ற கேள்விக்குப் புத்தகத்தில் ஏதாவது இருக்கிறதா.

இவற்றோடு மறைவுச் செலவையும் பார்க்க வேண்டும். புத்தக விலையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் கூடவே இன்னொன்றையும் படித்தாக வேண்டும், இல்லையென்றால் பாதி உண்மையோடு நின்றுவிடுவோம் என்கிற வகைச் செலவு. நான்கிலும் அது இருக்கிறது.

சுவாரசியமாக இருக்கிறதா என்பதை அளவுகோலாக வைக்கவில்லை. வைத்தால் வில்கர்சன் சுலபமாக ஜெயித்துவிடுவார்.

## ராத்ஸ்டைன்: ‘தி கலர் ஆஃப் லா’ (2017)

அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் ஒரு பக்கமும் வெள்ளையர் ஒரு பக்கமும் வாழ்வது தானாக அமைந்தது என்று ஒரு நம்பிக்கை அங்கே வலுவாக இருக்கிறது. வருமான வித்தியாசம், அவரவர் விருப்பம், சில மோசமான வீட்டுத் தரகர்கள், அவ்வளவுதான் என்பார்கள். உச்ச நீதிமன்றமும் இந்த நினைப்பில் தீர்ப்புகள் எழுதியிருக்கிறது. 2007இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் பள்ளிச் சேர்க்கைத் திட்டங்களை ரத்து செய்தபோது அடிப்படை வாதம் இதுதான்: அரசு பிரிக்கவில்லை என்றால், இனத்தைப் பார்த்துச் சேர்த்துவைக்கும் கடமையும் உரிமையும் அரசுக்கு இல்லை. ராத்ஸ்டைன் இந்த ஒரே நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அது பொய் என்று ஆவணம் ஆவணமாக நிரூபிக்கிறார். பிரித்தது அரசுதான் என்கிறார்.

எப்படி என்பதில்தான் புத்தகத்தின் பலம். 1934இல் கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகம் என்ற அமைப்பு உருவாகிறது. அது கடன் கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசு காப்பீடு கொடுக்கிறது. அந்தக் காப்பீடு இருந்தால்தான் குறைந்த முன்பணம், நீண்ட தவணை, குறைந்த வட்டி. காப்பீடு வேண்டுமானால் குடியிருப்பு ஒரே இனமாக இருக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் கையேடே சொன்னது. போருக்குப் பிறகு 1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், தொடக்கத்தில் ஏறத்தாழ 8,000 டாலர் விலை. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசு உத்தரவாதம் கிடைத்தது. அன்று வாங்கிய வெள்ளைக் குடும்பங்களுக்கு வீட்டின் மதிப்பு பல மடங்கு ஏறி, பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பாகவும் பேரப்பிள்ளைகளின் முதலீடாகவும் மாறியது. வாங்கும் வசதி இருந்தும் வாங்க விடப்படாதவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இன்றைய சொத்து இடைவெளியை இந்தப் புத்தகம் இப்படி விளக்குகிறது, அதனால்தான் மனதில் தங்குகிறது.

டெட்ராய்ட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1941இல் ஒரு கட்டுமானக்காரர் வெள்ளையர்களுக்காக வீடு கட்ட வந்தார். பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு இருந்ததால் காப்பீடு மறுக்கப்பட்டது. அவர் அரை மைல் நீளம், ஆறடி உயரம், ஓரடி தடிமனில் கான்கிரீட் சுவர் எழுப்பினார், காப்பீடு கிடைத்தது. உத்தப்புரம் தீண்டாமைச் சுவர் நமக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். உத்தப்புரத்தில் ஊரார் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008இல் மாவட்ட நிர்வாகம் இடித்தது. டெட்ராய்ட் சுவர், அரசின் கடன் உத்தரவாதத்தை வாங்குவதற்காகவே எழுந்த சுவர். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ராத்ஸ்டைனின் மொத்த வாதமும் பிடிபட்டுவிடும்.

வன்முறையை எழுதும்போதும் அவர் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் விடுவதில்லை. 1954இல் லூயிவில் அருகே கார்ல் பிரேடன் என்ற வெள்ளையர், ஆண்ட்ரூ வேட் என்ற கறுப்பின முன்னாள் போர்வீரருக்காகத் தன் பெயரில் வீடு வாங்கிக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு வெடிகுண்டு வைத்தார்கள். கடைசியில் ராஜதுரோக வழக்கில் 15 ஆண்டுத் தண்டனை பெற்றவர், வீடு வாங்கிக் கொடுத்த பிரேடன். பின்னால் அந்தத் தீர்ப்பு ரத்தானது, அது வேறு விஷயம்.

முன்னறிவு அதிகம் தேவைப்படாத புத்தகம் இது. குறிப்புகளையும் சேர்த்து ஏறக்குறைய 350 பக்கம். கடைசியில், எதிர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார். வாசகர் வட்டத்தில் அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

மறுப்புகளுக்கு வருவோம். சிவப்பு மை போட்ட வரைபடங்கள் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1930களில் வீட்டுக் கடன் மீட்பு நிறுவனம் நகரங்களைத் தரம் பிரித்து, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பில் காட்டியது. அந்த வரைபடங்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். பொருளாதார வரலாற்றாளர்களின் பிந்தைய ஆய்வுகள் இதைக் கேள்வி கேட்கின்றன. அந்த நிறுவனம் பெரும்பாலான கடன்களை வரைபடம் தயாராகும் முன்பே கொடுத்து முடித்துவிட்டது, கறுப்பினக் குடும்பங்களுக்கும் கொடுத்தது. உண்மையில் கதவைச் சாத்தியது காப்பீடு கொடுத்த அமைப்புதான் என்கிறார்கள். இதனால் ராத்ஸ்டைனின் மைய வாதம் விழவில்லை, குற்றவாளி இன்னும் தெளிவாகத்தான் தெரிகிறார். ஆனால் ஆய்வேட்டில் வரைபடத்தை ஒட்டிவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு குறை பெரியது. அரசுதான் காரணம் என்று நிரூபித்தால்தான் அரசியல் சட்டப்படி பரிகாரம் கேட்க முடியும் என்பதால், வங்கிகள், வீடு விற்கும் தரகர்கள், கட்டுமானக் கம்பெனிகள் எல்லாம் அவர் எழுத்தில் அரசின் பின்னால் ஒதுங்கி நிற்கிறார்கள். 1968இல் நியாயமான வீட்டு வசதிச் சட்டம் வந்த பிறகு கதை வேகம் குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதே வங்கிகள் கறுப்பினத்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இடிந்து விழும் வீடுகளுக்குக் கடன் கொடுத்துக் கொள்ளையடித்தன. அதைப் படிக்க கீயாங்கா-யமாட்டா டெய்லரின் ‘ரேஸ் ஃபார் பிராஃபிட்’ (2019) வேண்டும். ராத்ஸ்டைனை எடுத்தால் டெய்லரையும் எடுக்க வேண்டும். மறைவுச் செலவு அதுதான்.

பரிகாரம் என்று அவர் சொல்வதில் ஒன்று மறக்கவே மறக்காது. லெவிட்டவுனில் இனி விற்பனைக்கு வரும் வீடுகளில் 15 சதவீதத்தை மத்திய அரசு சந்தை விலைக்கு வாங்கி, தாத்தா காலத்து விலையின் இன்றைய மதிப்புக்குக் கறுப்பினக் குடும்பங்களுக்கு விற்கட்டும் என்கிறார். எந்த நாடாளுமன்றமும் இதை நிறைவேற்றாது என்று அடுத்த மூச்சிலேயே அவரே சொல்லிவிடுகிறார். நடைமுறைக்கு என்ன செய்யலாம் என்பதற்கு 2023இல் மகளோடு சேர்ந்து ‘ஜஸ்ட் ஆக்‌ஷன்’ என்று தனிப் புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

## கட்ஸ்நெல்சன்: ‘வென் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் வாஸ் ஒயிட்’ (2005)

நான்கில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சலுகை என்றால் அது 1960களுக்குப் பிறகு கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது என்ற பேச்சை அவர் தலைகீழாகத் திருப்புகிறார். 1930களிலும் 40களிலும் ரூஸ்வெல்ட், ட்ரூமன் ஆட்சிகள் கொண்டுவந்த பெரிய நலத்திட்டங்கள் வெள்ளையர்களை நடுத்தர வர்க்கமாகத் தூக்கிவிட்டன. சட்டத்தில் எங்கும் இனத்தின் பெயரே இல்லை, ஆனால் கறுப்பினத்தவர் வெளியே நின்றார்கள். எப்படி?

1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியமும் வேலையில்லாக் கால உதவியும் கொடுத்தது. விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் கிடையாது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் இந்த விதிவிலக்கில் அடிபட்டார்கள். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, அங்கேயும் அதே விதிவிலக்கு. பண்ணைத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்க 1966 வரையும், வீட்டு வேலை செய்பவருக்கு 1974 வரையும் ஆனது. 1935இன் தொழிற்சங்க உரிமைச் சட்டத்திலிருந்து இரு பிரிவினரும் இன்றைக்கும் வெளியேதான் இருக்கிறார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் யாருக்குக் கிடைக்கிறது, வயலிலும் வீட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஏன் எட்டுவதில்லை என்று யோசித்திருப்பவர்கள் இந்த இயல்களை வேகமாகப் படிப்பார்கள்.

1944இல் வந்த போர்வீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் கதை இன்னும் மோசம். கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், தொழில் கடன் எல்லாம் சட்டப்படி எல்லா வீரருக்கும் உண்டு. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மட்டும் மாகாணங்களிடமும் உள்ளூர் வங்கிகளிடமும் போனது. தெற்கத்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள் விரும்பியது அதைத்தான். 1947இல் மிசிசிப்பி நகரங்களில் எடுத்த ஒரு கணக்கில், அரசு உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2.

இந்தப் புத்தகத்துக்கு எதிராக வந்த மறுப்புகளில் கனமானது லாரி டிவிட் 2010இல் எழுதியது. சமூகப் பாதுகாப்புத் துறையின் வரலாற்றாளராக இருந்தவர் அவர். விவசாய, வீட்டு வேலைக்காரர்களிடம் வரி வசூலிப்பது நடைமுறையில் முடியாது என்று கருவூலத் துறை சொன்னதால்தான் விலக்கினார்கள், மற்ற நாடுகளிலும் அப்படித்தான் தொடங்கினார்கள், விலக்கப்பட்டவர்களில் எண்ணிக்கையில் வெள்ளையர்களே அதிகம் என்கிறார். இதை லேசாக ஒதுக்க முடியாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: 1935 சட்டத்தில் நோக்கத்தை நிரூபிப்பது கடினம், அங்கே டிவிட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். போர்வீரர் சட்டத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆகவே புத்தகத்தை மேற்கோள் காட்டும்போது அந்த இயலின் மேல் அதிகம் சாய்வது பாதுகாப்பு.

முன்னறிவு கொஞ்சம் தேவை. தெற்கு மாகாணங்களில் ஒரே கட்சி ஆதிக்கம் இருந்தது, அதனால் அந்த உறுப்பினர்கள் வருடக்கணக்காகப் பதவியில் தங்கி நாடாளுமன்றக் குழுக்களின் தலைமையைக் கையில் வைத்திருந்தார்கள், அவர்கள் ஓட்டு இல்லாமல் ரூஸ்வெல்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இது தெரிந்தால் போதும். இருநூற்றைம்பது பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. மொழி கொஞ்சம் வறட்சிதான், அரசியல் அறிவியல் பேராசிரியர் எழுத்து.

மறைவுச் செலவு சட்டம். அமெரிக்காவின் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனை (பின்தங்கவைக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாட்டை) நம் இட ஒதுக்கீட்டின் அச்சு என்று நினைத்துக்கொண்டு படித்தால் பல பக்கங்கள் குழப்பும். இத்தனை சதவீத இடம் என்று கல்லூரியில் தனியாக வைப்பதை 1978இல் பேக்கி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், பல அம்சங்களில் ஒன்றாக இனத்தையும் பார்ப்பது மட்டுமே. ஹார்வர்ட், வடக்கு கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் 2023இல் அதுவும் போனது. சென்னை மாகாணத்தின் செண்பகம் துரைராஜன் வழக்கை (1951) பேக்கி வழக்கோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றியவை, இரண்டிலும் ஒதுக்கீடு தோற்றது. இங்கே அதே ஆண்டு அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள், அங்கே நீதிமன்றம் விட்ட சந்துக்குள் பல்கலைக்கழகங்கள் 45 ஆண்டுகள் நடந்தன. ஒப்பீட்டு இயல் எழுதும் மாணவிக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

## அலெக்சாண்டர்: ‘தி நியூ ஜிம் க்ரோ’ (2010)

நான்கில் சமூக இயக்கங்களை அதிகம் அசைத்தது இது. சில மாகாணச் சிறைகளில் கைதிகள் இதைப் படிக்கத் தடை போட்டிருந்தார்கள் என்பதே ஒரு சான்றிதழ்.

சிவில் உரிமை வழக்கறிஞராக இருந்த அலெக்சாண்டர், ஓட்டுப் போட முடியாத ஒரு மனிதரில் தொடங்குகிறார். அடிமையாக இருந்ததால் அவருடைய முன்னோர் ஓட்டுப் போடவில்லை. அடுத்த தலைமுறையை வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் அடித்தே கொன்றது, அதற்கடுத்த தலைமுறையை மிரட்டித் தடுத்தது. அப்பாவைத் தேர்தல் வரியும் எழுத்தறிவுத் தேர்வும் தடுத்தன. மகனோ, தண்டனை பெற்ற குற்றவாளி என்பதால் ஓட்டுப் போட முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குள் சிறைக் கூட்டம் ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு மேல் போனதற்குப் போதைப்பொருள் மீதான போர்தான் காரணம், வெளியே வந்த பிறகும் வேலை, வீடு, உணவு உதவி, ஓட்டு எல்லாம் மறுக்கப்படுவதால் இது ‘ஜிம் க்ரோ’ எனப்பட்ட பழைய நிறப் பிரிவினைச் சட்டங்களின் புதிய வடிவம் என்பது அவர் வாதம். 1986இன் சட்டம் கிராக் கொக்கைனுக்கும் பொடிக் கொக்கைனுக்கும், ஒரே தண்டனைக்குரிய எடையில் நூறு மடங்கு வித்தியாசம் வைத்தது. கிராக் வழக்கில் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். புத்தகம் வந்த 2010ஆம் ஆண்டில்தான் அது பதினெட்டு மடங்காகக் குறைந்தது.

யார் செய்தது என்ற அளவுகோலில் நல்ல மதிப்பெண். குறிப்பாக, பாகுபாட்டைப் புள்ளிவிவரத்தால் நிரூபித்தாலும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1987இல் மெக்ளெஸ்கி வழக்கில் கதவைச் சாத்தியதை விளக்கும் பகுதி, சட்ட மாணவர்களுக்கு வரம்.

ஆனால் மறுப்பு இந்தப் புத்தகத்தின் மையத்தையே தொடுகிறது. ஜான் ஃபாஃப் 2017இல் எழுதிய ‘லாக்ட் இன்’ நூலில் எண்களை எடுத்து வைத்தார். கைதிகளில் மிகப் பெரும்பாலோர் இருப்பது மாகாணச் சிறைகளில். அங்கே போதைப்பொருள் குற்றத்துக்காக இருப்பவர்கள் 16 சதவீதம் அளவுக்குத்தான், பாதிக்கு மேல் வன்முறைக் குற்றத்துக்காக. போதைப்பொருள் வழக்கில் வந்த எல்லோரையும் நாளைக்கே விடுவித்தாலும் சிறை நிரம்பித்தான் இருக்கும். கூட்டம் பெருகியதற்கு, வழக்குப் பதியும் அரசு வழக்கறிஞர்களின் அதிகாரத்தை அவர் காரணமாகச் சொல்கிறார். அதே ஆண்டு ஜேம்ஸ் ஃபோர்மன் ஜூனியரின் ‘லாக்கிங் அப் அவர் ஓன்’ வந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. வாஷிங்டன் நகரில் கடும் தண்டனைகளைக் கேட்டவர்களில் கறுப்பின மேயர்கள், காவல் அதிகாரிகள், நீதிபதிகள், தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பயந்த கறுப்பினக் குடும்பங்கள் எல்லாம் உண்டு என்று காட்டுகிறார். ஃபோர்மன் எதிரணி ஆள் இல்லை. அரசு செலவில் ஏழைகளுக்கு வாதாடும் வழக்கறிஞராக அதே நகரில் வேலை பார்த்தவர்.

இதனால்தான் அலெக்சாண்டரைத் தனியாக யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஃபோர்மனோடு சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்க முடியுமானால் எடுங்கள். முடியாதென்றால் நேரடியாக ஃபோர்மனையே எடுங்கள் என்பேன். கதை மனிதர்களும் சம்பவங்களுமாக வருவதால் படிக்கவும் அது எளிது.

## வில்கர்சன்: ‘காஸ்ட்’ (2020)

நம் ஊர்ப் புத்தகக் கடைகளில் இது கண்ணில் படும்போது கை தானாக நீள்கிறது. சாதி என்று அட்டையிலேயே இருக்கிறது. 1959இல் திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில் மார்ட்டின் லூதர் கிங்கை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்’ என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்திய கதை முதல் பக்கங்களிலேயே வருகிறது. அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதமும் வருகிறது. அப்புறம் என்ன, வாங்கிவிடுகிறோம்.

இந்தியா, நாஜி ஜெர்மனி, அமெரிக்கா மூன்றும் ஒரே வகை அமைப்பு என்கிறார் வில்கர்சன். அகமணம், தூய்மை–தீட்டு, பிறப்பால் வரும் தொழில், பயங்கரத்தால் காக்கப்படும் ஒழுங்கு என்று எட்டுத் தூண்களை அடுக்குகிறார். அமெரிக்க இனச் சட்டங்களை நாஜி சட்ட வல்லுநர்கள் 1934இல் உட்கார்ந்து அலசிய பகுதி முதுகைச் சில்லிட வைக்கும். 1930களில் ஆலிசன் டேவிஸும் அவர் மனைவியும் மிசிசிப்பியின் நாட்செஸ் ஊரில் தங்கி, உயிரைப் பணயம் வைத்துக் கள ஆய்வு செய்த கதை எனக்குப் புத்தகத்திலேயே பிடித்த பகுதி. கறுப்பினத்தவர்–வெள்ளையர் திருமணத் தடையை உச்ச நீதிமன்றம் 1967இல் நீக்கிய பிறகும், அலபாமா தன் மாகாண அரசியல் சட்டத்திலிருந்து அந்த வரியை எடுக்க 2000 வரை காத்திருந்தது என்ற தகவலைப் படிக்கும்போது, அகமணம் பற்றி அம்பேத்கர் சொன்னது நினைவுக்கு வரும்.

பிறகு ஏன் கடைசியில் வைக்கிறேன்? சாதி எப்படி இயங்கும் என்பது நமக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரியாதது அமெரிக்க இயந்திரம்: எந்தக் கடன், எந்தக் காப்பீடு, எந்தத் தீர்ப்பு. இந்தப் புத்தகத்தில் அது குறைவு. ஏறக்குறைய 500 பக்கத்தில் விமானத்தில், உணவகத்தில், மாநாட்டில் நடந்த அவமானங்கள் நிறைய உண்டு. எழுத்து அபாரம். ஆனால் எந்தக் கொள்கையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் கிடைக்காது, மனம் மாற வேண்டும் என்ற இடத்தில் முடிகிறது. பெரியார் பேச்சைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு அது போதாது.

இந்தியச் சாதியும் அவரிடம் பெரும்பாலும் இரு முனைகளாக, பிராமணரும் தலித்துமாக வருகிறது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது, அதாவது ஒவ்வொரு சாதிக்கும் கீழே இன்னொன்று இருப்பது, நடுச்சாதிகள் நிலத்தையும் அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு கீழே மிதிப்பது, அது இந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. தலித் ஊராட்சித் தலைவர் கொல்லப்பட்ட மேலவளவு தெரிந்தவர்களுக்கு இந்த இடைவெளி உடனே உறுத்தும். இனத்தைச் சாதி என்று சொல்லலாமா என்ற சண்டையும் புதிதில்லை. ஆலிவர் காக்ஸ் 1948லேயே கூடாது என்று பெரிய நூல் எழுதியிருக்கிறார். முதலாளித்துவத்தையும் உழைப்புச் சுரண்டலையும் விட்டுவிட்டுச் சாதி என்று மட்டும் பேசினால் பாதிதான் தெரியும் என்பது அவர் வாதம்.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டு பேருக்கு இதையே முதலில் கொடுப்பேன். ஒருவர், ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எதையும் இதுவரை முடிக்காதவர். இதை முடித்துவிடுவார், அந்தத் தெம்பு அடுத்ததற்கு உதவும். இன்னொருவர், அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடையே சாதிப் பாகுபாடு பற்றிய விவாதத்தைப் பின்தொடர்பவர். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் அதுபோன்ற மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சண்டையில் அமெரிக்கர்கள் சாதி என்று எதை நினைக்கிறார்கள் என்று புரிய இந்தப் புத்தகம் வேண்டும்.

## பட்டியலில் இல்லாத இரண்டு

வில்லியம் ஜூலியஸ் வில்சனின் ‘தி ட்ரூலி டிஸட்வான்டேஜ்டு’ (1987): சிகாகோவில் தொழிற்சாலைகள் மூடப்பட்டதும் வேலை போனதும்தான் வறுமையின் வேர், எல்லோருக்குமான வேலைத் திட்டங்களே வழி என்பவர். பொருளாதாரப் பின்னணி உள்ளவர்கள் இதில் தொடங்கலாம். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் பாரம்.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு டுபாய்ஸின் ‘தி ஃபிலடெல்ஃபியா நீக்ரோ’ (1899). காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசம். ஒரே வார்டில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய ஆய்வு. களப்பணிக்குப் போகும் சமூகப்பணி மாணவர்கள் கேள்வித்தாள் தயாரிக்கும் முன் இதன் பிற்சேர்க்கையைப் பார்க்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ராத்ஸ்டைன் | கட்ஸ்நெல்சன் | அலெக்சாண்டர் | வில்கர்சன் |
|---|---|---|---|---|
| எதைப் பற்றி | வீடு, நிலம் | நலத்திட்டம், வேலை | சிறை | படிநிலை அமைப்பு |
| யார் செய்தது | மிகத் தெளிவு | தெளிவு | தெளிவு, பகுதி சர்ச்சை | மங்கல் |
| தேவைப்படும் முன்னறிவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| மறுப்புக்குப் பின் | நிற்கிறது | பெரும்பகுதி நிற்கிறது | மையமே கேள்விக்குள்ளானது | சர்ச்சை தொடர்கிறது |
| பரிகாரம் | உண்டு, நடக்காது என்று அவரே சொல்கிறார் | உண்டு, 2023க்குப் பின் கடினம் | இயக்கம் வேண்டும் என்கிறார் | மனமாற்றம் |
| கூடவே படிக்க | டெய்லர் | பேக்கி, செண்பகம் வழக்குகள் | ஃபோர்மன், ஃபாஃப் | காக்ஸ், அம்பேத்கர் |

## யாருக்கு எது

ஆய்வேடு எழுதும் மாணவிக்குக் கட்ஸ்நெல்சன், டிவிட்டின் மறுப்போடு சேர்த்து. நேர்காணல் தேர்வில் யாராவது அந்த மறுப்பை எடுத்து வைத்தால் பதில் கையில் இருக்கும்.

தேர்வுக்குப் படிப்பவருக்கு ராத்ஸ்டைன். முழுவதும் நேரமில்லை என்றால் கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகம் பற்றிய இயலும் கடைசிக் கேள்வி–பதில் பகுதியும் போதும். அரசு நடுநிலையாகத் தோன்றிக்கொண்டே பக்கம் சாய்வது எப்படி என்ற தலைப்பில் எந்தக் கட்டுரைக்கும் லெவிட்டவுன் உதாரணம் பொருந்தும்.

அட்லாண்டா அப்பாவுக்கும் ராத்ஸ்டைன்தான். மகள் வீடு வாங்கும்போது எந்தப் பகுதி, எந்தப் பள்ளி என்று விசாரிப்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடும்.

வாசகர் வட்டத்துக்கு ஒரே மாதம்தான் என்றால் ஃபோர்மன். வாதிட இரண்டு பக்கமும் அதில் இருக்கிறது, எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்து போக முடியாது. மூன்று மாதம் கிடைத்தால் ராத்ஸ்டைன், ஃபோர்மன், வில்கர்சன் என்ற வரிசை. வில்கர்சன் மாதத்துக்குக் கூட்டம் அதிகம் வரும், அதற்குள் மற்ற இரண்டையும் படித்த பத்துப் பேராவது இருப்பார்கள்.

வாங்கும் முன் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்திலும், உங்கள் பல்கலைக்கழக நூலகத்திலும் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். வாங்குவதானால் பேப்பர்பேக் பதிப்பே போதும். அலெக்சாண்டருக்கு மட்டும் பத்தாம் ஆண்டுப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். 2020இல் வந்த அதில் அவர் புதிய முன்னுரை எழுதியிருக்கிறார்.